கறுப்புப் பெயிண்ட் காட்டிக்கொடுத்த கோடு: ஒரு ஹேர் டிரையர் உறையின் பரப்பு இணைப்பு குறித்த நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கையில் பிடித்துப் பயன்படுத்தும் ஒரு ஹேர் டிரையருக்கு வெளி உறையை கேட் (CAD, கணினியில் வரையும்) மென்பொருளில் மாடல் செய்து, பிளாஸ்டிக் வார்க்கும் எஃகு அச்சைச் செய்கிற டூல் ரூமிடம் ஒப்படைக்க வேண்டும். இதுதான் வேலை. உறை இடது, வலது என இரண்டு பாதி. இரண்டும் சந்திக்கும் நடுத்தளத்தில் பார்ட்டிங் லைன். காற்று போகும் குழல் பின்னால் சுமார் 70 மி.மீ. விட்டத்தில் தொடங்கி முன்னால் 62 மி.மீ. ஆகக் குறுகும். அதன் அடியில் கைப்பிடி. மேல்முனையில் அதன் குறுக்குவெட்டு 40-க்கு 32 மி.மீ. நீள்வட்டம். பிளாஸ்டிக் சுவரின் தடிமன் 2.2 மி.மீ. நிறம், பளபளக்கும் கறுப்பு.

இதில் மற்ற அளவுகளையெல்லாம் விட முக்கியமானது அந்தக் கடைசி வரி. உறை பளபளப்பில்லாத, மட்டான சாம்பல் நிறத்தில் இருந்திருந்தால் இந்த ஆய்வுக்கு வேலையே இருந்திருக்காது. பளபளப்பான கறுப்பில் கண் பிளாஸ்டிக்கைப் பார்ப்பதில்லை. அதில் தெரியும் விளக்கின் பிம்பத்தைத்தான் பார்க்கிறது.

சம்பந்தப்பட்டவர்கள் ஐந்து பேர். உருவத்தைத் தீர்மானித்த வடிவமைப்பாளர். மாடல் செய்த இளைஞர், இயந்திர பாகங்களையும் தாங்கிகளையும் இரண்டு வருடம் வரைந்து பழகியவர், பரப்பு மாடலிங்குக்குப் புதியவர். உள்ளே வரும் ஸ்விட்ச், வயர், மோட்டார் பொறுப்பில் இருந்த மின்பொறியாளர். டூல் ரூம் மேற்பார்வையாளர். மாடலைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் பொறுப்பில் நான். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் என்னுடையவை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

## முதல் மாடல்

இளைஞர் வேலையைத் தொடங்கியது அவருக்குப் பழக்கமான வரிசையில். குழலின் பக்கவாட்டு வடிவத்தை, வடிவமைப்பாளரின் ஓவியத்தின் மேலேயே 11 புள்ளிகள் வைத்து ஒரு ஸ்ப்லைனாக, அதாவது அந்தப் புள்ளிகளைத் தொட்டுச் செல்லும் வளைவரையாக, இழுத்தார். கைப்பிடியை மேல், கீழ் என இரண்டு லாஃப்ட்டாக (குறுக்குவெட்டுகளுக்கு நடுவே இழுத்த பரப்பாக) கட்டினார். மேல் லாஃப்ட் குழலுக்குள் ஊடுருவிச் சென்றது. இரண்டையும் ஒன்றையொன்று வெட்டவைத்து, வெட்டிய மூலையை உருட்ட 12 மி.மீ. ஆரத்தில் ஃபில்லட், அதாவது ஒரு வட்டவில் பரப்பு, போட்டார்.

பின்பக்கத்தில் கைப்பிடிக்கும் காற்று உள்ளே வரும் வளையத்துக்கும் நடுவே இடம் குறைவு. அங்கே ஃபில்லட் வளையத்தின் விளிம்பில் முட்டி நின்றது. மென்பொருள் பிழை காட்டியது. மிஞ்சிய முக்கோண ஓட்டையை ஒரு ஃபில் பேட்ச் (பரப்புத் துண்டு) வைத்து அடைத்தார். பிறகு எல்லாம் ஒன்றாக ஒட்டி, உள்ளே 2.2 மி.மீ. குடைந்து, திருகுத் தூண்களை வைத்தபோது பிழை எதுவும் வரவில்லை. திட்டமிட்ட ஆறு நாளில் வேலை முடிந்தது.

திரையில் நன்றாகத்தான் இருந்தது. ஜீப்ராவை (கறுப்பு வெள்ளைக் கோடுகள் பரப்பில் பிரதிபலிப்பது போலத் திரையில் காட்டும் சோதனை) ஒருமுறை, பக்கவாட்டுக் கோணத்தில் மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு "சரி, போகலாம்" என்று சொன்னவன் நான். குழல் நீளவாக்கில் கிடக்கிறது, கோடுகளும் நீளவாக்கில் ஓடுகின்றன, அழகாகத்தான் தெரியும். கைப்பிடி குழலைத் தொடும் முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

## பெயிண்ட் பூசிய மாதிரி

அடுத்தது, ரெசினில் முப்பரிமாணப் பிரிண்ட் எடுத்து, தேய்த்து, ப்ரைமர் அடித்து, மேலே பளபளப்புக் கறுப்பு பூசிய மாதிரி. பிரிண்ட் வந்ததும் கையில் வாங்கியபோது எல்லோருக்கும் திருப்தி. அடுக்கு அடுக்காக வரி ஓடும் மேற்பரப்பில் பிம்பம் விழாது. அதனால் குறையும் தெரியாது.

பெயிண்ட் காய்ந்த பிறகு வடிவமைப்பாளர் அதை நீளமான டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து மெதுவாகச் சுழற்றினார். குழலிலிருந்து வழிந்து இறங்கிய விளக்கின் பிம்பம், கைப்பிடியை நெருங்கும் இடத்தில் முட்டி மடங்கியது. அங்கிருந்து ஃபில்லட்டுக்குள் ஓடி, கைப்பிடி தொடங்கும் இடத்தில் மறுபடி மடங்கியது. விரலால் தடவினால் ஒன்றும் தட்டுப்படவில்லை. கண்ணுக்கு மட்டும் இரண்டு கோடு. கைப்பிடியின் நடுவில், ஒரு மோதிரம் போட்டுக் கழற்றியது போல மெல்லிய வளையம் ஒன்றும் தெரிந்தது. பின்பக்க முக்கோணத்தில் கட்டைவிரலால் அழுத்திய மாதிரி ஒரு குழிவு.

எங்கள் முதல் சந்தேகம் பெயிண்டர் மேல் விழுந்தது. தேய்க்கும்போது ஃபில்லட்டின் ஓரத்தில் அழுத்திவிட்டார் என்று நினைத்தோம். அவர் மறுத்தார்: "தேய்ச்சதுல வந்திருந்தா ரெண்டு பக்கமும் ஒரே இடத்துல எப்படிங்க வரும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் இரண்டாவது பிரிண்ட் எடுத்து வேறொருவரிடம் பூசக் கொடுத்தோம். மூன்று நாள் போனது. கோடுகள் அச்சுப்பிசகாமல் அதே இடத்தில் வந்தன. மோதிரமும் வந்தது. குறை மாடலில்தான் என்பது அப்போது உறுதியானது. பெயிண்டரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

## கோடு எங்கிருந்து வந்தது

இரண்டு பரப்புகள் சந்திப்பதில் படிகள் உண்டு. விளிம்புகள் வெறுமனே ஒட்டியிருந்தால் ஜி0. விளிம்பில் இரண்டின் சாய்வும் ஒன்றாக இருந்தால் ஜி1. சாய்வோடு வளைவின் அளவும் ஒன்றாக இருந்தால் ஜி2. அந்த வளைவு மாறும் வேகமும் ஒத்துப்போனால் ஜி3.

ஜி1-க்கும் ஜி2-க்கும் உள்ள வித்தியாசத்தை இளைஞருக்கு ரயில் பாதையை வைத்துத்தான் சொன்னேன். நேர்ப்பாதையை அப்படியே ஒரு வட்டவில்லோடு சேர்த்தால் தண்டவாளத்தில் முறிவு இருக்காது. ஆனால் வண்டி அந்த இடத்தைக் கடக்கிற நொடியில் பயணிகள் ஒருபக்கம் தள்ளப்படுவார்கள். வளைவு பூஜ்யத்திலிருந்து ஒரே தாவலில் முழு அளவுக்குப் போவதுதான் காரணம். அதனால்தான் நடுவே, வளைவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் இடைப்பாதை ஒன்றை அமைக்கிறார்கள். சாதாரண ஃபில்லட் என்பது இடைப்பாதை இல்லாத வட்டவில்.

எங்கள் மாடலின் முன்பக்கத்தை நடுத்தளத்தில் வெட்டி, வளைவுச் சீப்பைப் போட்டோம். ஒவ்வொரு புள்ளியிலும் வளைவின் அளவை ஒரு பல்லின் உயரமாகக் காட்டும் படம் அது. கைப்பிடி நெடுக சீப்பின் பல் ஏறக்குறைய பூஜ்யம். ஃபில்லட் தொடங்கும் புள்ளியில் செங்குத்தாக எழுந்து மி.மீ.க்கு 0.083 என்று நின்றது, அதாவது 12-இல் ஒன்று. ஃபில்லட் முடிந்ததும் அப்படியே கீழே விழுந்தது. தரையில் ஒரு செங்கல்லை வைத்தது போன்ற படம். பரப்பு ஜி1 என்றால் அதில் விழும் பிம்பக் கோடு ஜி0 தான், ஒரு படி குறைவு. பிம்பம் பரப்பின் சாய்வைப் பின்பற்றுகிறது. சாய்வு மாறும் வேகம் திடீரென்று மாறினால் பிம்பம் மடங்கும். போதாக்குறைக்கு நம் கண்ணும் சேர்ந்துகொள்கிறது. வெளிச்சம் ஏறும் வேகம் மாறுகிற இடத்தில், இல்லாத கோட்டை இருப்பதாகக் காட்டும் இயல்பு கண்ணுக்கு உண்டு. எர்ன்ஸ்ட் மாக் இதை விவரித்தது 1865-இல்.

மோதிரம் வேறு கதை. அது மேல் லாஃப்ட்டும் கீழ் லாஃப்ட்டும் சேரும் இடம். அந்த இணைப்பை மென்பொருள் தொடுகோட்டுத் தொடர்ச்சி என்றே அறிவித்திருந்தது. அளந்தபோது சாய்வு 0.7 டிகிரி விலகியிருந்தது. கோப்பின் கோண வரம்பு 1 டிகிரியாக இருந்தது. அதற்குள் இருந்ததால் மென்பொருளுக்கு அது சரி. பரப்பு 0.7 டிகிரி திரும்பினால் பிம்பம் அதைப் போல் இரு மடங்கு, 1.4 டிகிரி திரும்பும். 2 மீட்டர் தள்ளியிருக்கும் விளக்கின் பிம்பம் அந்த இடத்தில் 49 மி.மீ. குதிப்பதற்குச் சமம் அது. வெறும் 0.1 டிகிரிப் பிழைகூட அதே தூரத்தில் 7 மி.மீ. ஆகும். தாங்கி செய்கிறவருக்கு 1 டிகிரி தாராளமான துல்லியம். இங்கே அது செல்லாது.

இந்த அலசலில் ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. ஜீப்ராவை மறுபடி போட்டபோது எல்லா இடத்திலும் கோடுகள் முறிந்து முறிந்து தெரிந்தன, நல்ல பகுதிகளிலும்கூட. திரையில் காட்டுவதற்காக மென்பொருள் பரப்பைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக உடைக்கிறது. அந்த முக்கோணங்கள் பெரிதாக இருந்ததால் வந்த பொய் முறிவுகள் அவை. காட்சித் துல்லியத்தை ஏற்றிய பிறகு பொய்கள் மறைந்து மெய்யானவை நின்றன. முதல் நாள் நான் பார்த்ததும் இதே சொரசொரப்பான காட்சியைத்தான். அதில் தெரிந்த முறிவுகளை "திரை அப்படித்தான் காட்டும்" என்று ஒதுக்கியிருந்தேன்.

குழலையும் அளந்தோம். 11 புள்ளி ஸ்ப்லைனின் சீப்பு, அலையடிக்கும் துணி மாதிரி ஐந்தாறு இடத்தில் ஏறி இறங்கியது. பெயிண்ட் மாதிரியில் குழலைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. இணைப்பின் கோடு கண்ணைக் கவர்ந்ததால் இது தப்பித்தது. ஆனால் இணைப்பு எதன் மேல் உட்கார வேண்டுமோ அதுவே அலையடித்தால், அதோடு வளைவை ஒத்துப்போகச் செய்யும் பேட்ச் அந்த அலையையும் சேர்த்தே வாங்கிக்கொள்ளும்.

## முதல் திருத்தம்

அவசரம் இருந்தது. அதனால் குறுக்குவழியை முதலில் முயன்றோம். ஃபில்லட்டின் அமைப்பில் வட்டவில் என்பதை மாற்றி, வளைவுத் தொடர்ச்சி என்பதைத் தேர்ந்தெடுத்தோம். தொடங்கும், முடியும் விளிம்புகள் முன்பிருந்த இடத்திலேயே இருந்தன. மென்பொருள் ஒரு நொடியில் செய்துவிட்டது. ஜீப்ரா வழுக்கிக்கொண்டு ஓடியது. இளைஞர் முகத்தில் நிம்மதி.

வடிவமைப்பாளர் திரையைப் பார்த்த உடனே வேண்டாம் என்றார். "கிள்ளி வெச்ச மாதிரி இருக்கு" என்பது அவர் சொன்ன காரணம்.

அளந்து பார்த்தால் அவர் சொன்னது எண்ணிலும் தெரிந்தது. வளைவு இரு முனையிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். திரும்ப வேண்டிய மொத்தக் கோணமோ அதே 90 டிகிரி. ஓரங்களில் குறைத்ததை நடுவில் ஈடுகட்டியாக வேண்டும். 12 மி.மீ. ஆரம் இருந்த இடத்தில், நடுப்பகுதியின் ஆரம் 9 மி.மீ.க்கும் சற்றுக் கீழே இறங்கியிருந்தது. ஆரம் சிறுத்தால் அதில் விழும் பிம்பமும் சிறுத்து, மூலைக்குள் ஒரு வெள்ளை நரம்பு ஓடுவது போலத் தெரியும். கோடு இரண்டிலிருந்து ஒன்றாயிற்று, அவ்வளவுதான்.

இந்த உறையில் எங்கள் சறுக்கலுக்கெல்லாம் அடியில் இருந்தது இதுதான். நல்ல இணைப்புக்கு இடம் வேண்டும். அதே தோற்ற ஆரத்தோடு ஜி2 வேண்டுமானால் விளிம்புகள் பின்வாங்க வேண்டும். எங்கள் கணக்கில் 9-ஐ மறுபடி 12 ஆக்க, மூலையிலிருந்து 12 மி.மீ. தள்ளியிருந்த விளிம்புகள் 16 மி.மீ.க்கு மேல் போக வேண்டும். 17 என்று வைத்துக்கொண்டோம். ஆனால் கைப்பிடியின் முன்பக்கத்தில் மூலையிலிருந்து 15 மி.மீ. கீழே ஸ்விட்ச்சின் துளை தொடங்கியது.

## ஸ்விட்ச்சை நகர்த்துவது

மூன்று வழிகள் எங்கள் முன்னால் இருந்தன. தோற்றத்தை விட்டுக்கொடுத்துச் சிறிய ஆரத்தை ஏற்பது. பளபளப்பைக் கைவிட்டு மட்டான மேற்பரப்புக்குப் போவது. அல்லது ஸ்விட்ச்சை 6 மி.மீ. கீழே இறக்குவது.

இரண்டாவது வழி கேட்க எளிது. மேற்பரப்புக்கு டெக்ஸ்சர் (சொரசொரப்பு) கொடுத்தால் பிம்பமே விழாது, பாதிப் பிரச்சினை போய்விடும். எத்தனையோ உறைகள் அப்படித்தான் தப்பிக்கின்றன. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாடிக்கையாளர் கறுப்புப் பளபளப்பைப் பார்த்துத்தான் இந்த வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்திருந்தார்.

மின்பொறியாளர் முதலில் மறுத்தார். அவருடைய வயர் நீளம், உள்ளே ஸ்விட்ச்சைத் தாங்கும் சட்டம், எல்லாம் முடிந்திருந்தன. "ஒரு வெளிச்சக் கோட்டுக்காகவா?" என்று கேட்டார். அவருக்குப் படம் போட்டு விளக்குவதை விட, பெயிண்ட் அடித்த மாதிரியைக் கையில் கொடுத்து ஜன்னல் பக்கம் போய்த் திருப்பிப் பாருங்கள் என்றது வேலை செய்தது. கூடவே, ஃபோம் மாதிரியில் ஸ்விட்ச் படத்தை 6 மி.மீ. இறக்கி ஒட்டி, அலுவலகத்தில் ஐந்தாறு பேரிடம் பிடித்துப் பார்க்கக் கொடுத்தோம். விரல் எட்டுவதில் யாருக்கும் சிரமம் இல்லை. சட்டத்தை அவர் ஒரே நாளில் மாற்றிக் கொடுத்தார். ஆறாவது நாளுக்கு முன்பே கேட்டிருந்தால் அந்த ஒரு நாளும் தேவைப்பட்டிருக்காது.

## மறுபடி கட்டியது

பழைய மாடலில் எதையும் ஒட்டுப்போடாமல் புதிதாகத் தொடங்கினோம். பெரிய பரப்புகள் முதலில், அவற்றுக்கு இடையிலான இணைப்பு பிறகு, சிறு மூலைகள் கடைசியில் என்பது வரிசை.

குழலின் வடிவ வளைவரையை ஐந்தாம் படியில் (சமன்பாட்டின் மிக உயர்ந்த அடுக்கு ஐந்து), ஒரே துண்டாக, ஆறு கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு வரைந்தோம். பதினொன்றுக்கு ஆறா என்று இளைஞர் தயங்கினார். புள்ளிகளை வளைவரை தொட்டுச் செல்ல வேண்டும் என்ற பழக்கத்திலிருந்து வருகிற தயக்கம் அது. இங்கே இரு முனைகளிலும் உள்ளவை தவிர மற்ற கட்டுப்பாட்டுப் புள்ளிகள் பொதுவாக வளைவரையின் மேல் இருப்பதில்லை, அதைத் தள்ளி நின்று இழுக்கின்றன. ஐந்தாம் படியின் ஆறு புள்ளிகளில் முனைக்கு மூன்று: முதலாவது இடத்தை நிர்ணயிக்கும், இரண்டாவது திசையை, மூன்றாவது வளைவை. இரு முனையிலும் ஜி2 கிடைக்கச் சரியாக அவ்வளவு போதும். கார் உடல்களுக்காகப் பிறந்த கணிதம் இது. 1959-இல் சித்ரோவனில் பால் த காஸ்தெல்ஜோவும், அடுத்த சில ஆண்டுகளில் ரெனோவில் பியேர் பெஸியேவும் தனித்தனியே இதை உருவாக்கினார்கள். பழைய வளைவரையிலிருந்து புதியது அதிகபட்சம் 0.3 மி.மீ. விலகியது. வடிவமைப்பாளரிடம் இரண்டையும் எது எதுவென்று சொல்லாமல் காட்டினோம், புதியதைத் தேர்ந்தெடுத்தார்.

கைப்பிடியை இந்த முறை குழலுக்குள் நுழைக்கவில்லை. மூலையிலிருந்து 17 மி.மீ. கீழேயே, வெட்டப்படாத அதன் சொந்த விளிம்போடு நிறுத்தினோம். இது முக்கியம். வெட்டப்பட்ட விளிம்பு எப்போதுமே ஒரு தோராயம். அதோடு பொருத்தப் போனால் மென்பொருள் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வாரி இறைக்கும், புள்ளி கூடினால் அலை கூடும். குழலின் பக்கம் வெட்டுவதைத் தவிர்க்க முடியவில்லை. அங்கே வெட்டும் கோட்டையாவது மிக எளிய வளைவரையாக வைத்தோம்.

ஒரு பாதி மட்டும் கட்டினோம். மறுபாதி கண்ணாடிப் பிரதி. இதில் ஒரு வசதி உண்டு. நடுத்தளத்தைக் கடக்கும் பரப்பு அந்தத் தளத்துக்குச் செங்குத்தாகச் சென்றால் ஜி1 கிடைக்கும். இரு பக்கமும் வளைவு ஒரே அளவுதான் என்பதால் ஜி2-வும் கேட்காமலே வந்து சேரும்.

இணைப்புப் பரப்பை முன், பக்கம், பின் என மூன்று நாற்பக்கப் பேட்ச்களாகப் பிரித்தோம். முன்பக்கம் திரும்பும் கோணம் ஏறக்குறைய 90 டிகிரி. பக்கவாட்டில் குழல் உருண்டு மேலே போவதால் 63 டிகிரிதான். பழைய ஃபில்லட்டில் அதனால்தான் முன்னால் 12 மி.மீ. அகலமாக இருந்த பட்டை பக்கவாட்டில் 7 மி.மீ. ஆகச் சுருங்கியது, எல்லா இடத்திலும் ஒரே ஆரம் என்பது காகிதத்தில் ஒழுங்காகத் தெரிந்தாலும் கண்ணுக்கு ஒழுங்காக இராது. புதிய பரப்பில் ஆரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், பட்டையின் இரு விளிம்புகளும் ஒன்றையொன்று சீராகத் தொடர்ந்து போகும்படி வரைந்தோம்.

பின்பக்க முக்கோணத்துக்குத் தீர்வு, அங்கே முக்கோணமே இல்லாமல் செய்வது. மூன்று பக்கப் பேட்ச் என்பது ஒரு பக்கத்தைப் புள்ளியாகச் சுருக்கிய நாற்பக்கம். பரப்பின் கோடுகளெல்லாம் அந்த ஒரு புள்ளியில் குவியும், அங்கே வளைவு மென்பொருளின் பிடியில் இருக்காது. பின் பேட்ச்சை வளையத்தைத் தாண்டி, பெரிதாக, முழு நாற்பக்கமாகக் கட்டினோம். அதன் பிறகு வளையத்தின் வடிவத்தில் வெட்டி எறிந்தோம். வெட்டியது வெறும் துணி ஓரம் மாதிரி; துணியின் நெசவு கெடவில்லை.

விளிம்புகளுக்கு நாங்கள் வகுத்த வரம்பு: இடைவெளி 0.005 மி.மீ., சாய்வு 0.1 டிகிரி. பெரும்பாலான இடங்களில் இதற்குப் பாதியில் நின்றது. வெட்டப்பட்ட குழல் விளிம்பில் 0.004-உம் 0.06 டிகிரியும் வந்தது.

அரை நாள் ஜி3 முயன்று பார்த்தோம். இரு முனையிலும் ஜி3 வேண்டுமென்றால் ஏழாம் படி, எட்டுப் புள்ளிகள். முன் பேட்ச்சில் மட்டும் செய்து பழையதோடு பக்கத்தில் வைத்தோம். சீப்பின் வடிவம் மாறியது. ஜீப்ராவில் எங்கள் ஐந்து பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. திரும்பிவிட்டோம். கார் பானட் போன்ற அகன்ற பரப்பில் அது வேறு மாதிரி இருக்கலாம்; உள்ளங்கை அகலத்துக்கு இது போதும் என்பது என் கணிப்பு.

மறுகட்டலுக்கு எட்டு நாள் ஆனது. மறுபடி பிரிண்ட், மறுபடி அதே பெயிண்டர், அதே டியூப் லைட். பிம்பம் குழலிலிருந்து கைப்பிடிக்கு இறங்கியபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. வடிவமைப்பாளர் மட்டும் மூன்று முறை சுழற்றிவிட்டு மேசையில் வைத்தார்.

## டூல் ரூமில்

ஸ்டெப் கோப்பு (ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாடலைக் கொடுக்கும் கோப்பு) அனுப்பிய மறுநாள் மேற்பார்வையாளரிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்தன.

முதலாவது டிராஃப்ட், அதாவது பாகம் அச்சிலிருந்து உரசாமல் வெளிவர சுவருக்குக் கொடுக்கும் சாய்வு. பார்ட்டிங் லைனில் சுவர் அச்சின் திறப்புத் திசைக்கு இணையாக, பூஜ்ய டிகிரியில் நிற்கிறது. குறைந்தது 1 டிகிரியாவது கொடுங்கள் என்றார். நியாயமான கோரிக்கை. ஆனால் ஒவ்வொரு பாதியிலும் 1 டிகிரி சாய்த்தால் இரண்டும் சேரும் இடத்தில் 2 டிகிரி முதுகெலும்பு உருவாகும், நாங்கள் 0.1 டிகிரிக்குப் போராடிய உறையில் அது நடுவே ஓடும். பூஜ்யம் என்பது அந்த ஒரு கோட்டில் மட்டுமே என்பதைக் காட்டினோம். குழலின் ஆரம் 35 மி.மீ.; பார்ட்டிங் லைனிலிருந்து 1 மி.மீ. விலகினாலே டிராஃப்ட் 1.6 டிகிரி ஆகிவிடும். கைப்பிடியில் அதைவிட வேகமாக ஏறும். பாலிஷ் செய்த அச்சு என்பதால் ஒட்டிப் பிடிக்க டெக்ஸ்சரும் இல்லை. அவர் யோசித்து ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது கேள்விதான் எங்களைக் காப்பாற்றியது. "உங்க கோப்பை இறக்கும்போது எங்க சாஃப்ட்வேர் ஹீலிங் பண்ணவான்னு கேக்குது, பண்ணட்டுமா?" என்று கேட்டார். ஹீலிங் என்றால் இடைவெளிகளை மூட பரப்புகளை மென்பொருளே தன் வரம்புக்கு ஏற்ப நகர்த்திக்கொள்வது. வேண்டாம் என்றோம். ஆர்வத்தில் செய்து அனுப்பச் சொல்லி அளந்து பார்த்தோம். இரண்டு விளிம்புகளில் சாய்வு கெட்டிருந்தது. ஹீலிங் இல்லாமல் இறக்கிய கோப்பை அங்கேயே ஜீப்ரா போட்டுப் படம் அனுப்பச் செய்த பிறகுதான் எஃகில் கைவைத்தார்கள்.

அச்சின் எஃகைச் செதுக்கும் மில்லிங்கைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. 3 மி.மீ. ஆரமுள்ள பால் நோஸ் (முனை உருண்ட) கட்டரை 0.3 மி.மீ. இடைவெளியில் ஓட்டினால் தடங்களுக்கு நடுவே நிற்கும் மேட்டின் உயரம் சுமார் 0.004 மி.மீ. இடைவெளியைப் பாதியாக்கினால் மேடு நான்கில் ஒன்றாகும். மேடு குறைந்தால் கையால் பாலிஷ் செய்கிறவர் அகற்ற வேண்டியது குறையும். அவர் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும், அதிகமாகத் தேய்த்த பரப்பு அலையடிக்கும். கடைசி ஓட்டத்தை 0.15-இல் ஓட்ட ஒப்புக்கொண்டார்கள். இயந்திர நேரம் கூடியது, அதற்கான செலவை வாடிக்கையாளர் ஏற்றார். பாலிஷ் தரம், எஸ்.பி.ஐ. என்ற அச்சுப் பாலிஷ் அளவுகோலில் ஏ-2, வைரப் பசையால் முடிப்பது.

## விளைவு

முதல் வார்ப்புகளில் இணைப்பு நினைத்தபடி வந்தது. ஆனால் முன்பக்கத்தில், இணைப்புக்குச் சற்றுக் கீழே, பிம்பம் ஒரு காசளவு இடத்தில் நெளிந்தது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். கோப்பில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. உள்ளே பார்த்தால் திருகுத் தூணின் அடி அங்கே சுவரோடு சேருகிறது. பிளாஸ்டிக் தடித்த இடத்தில் கடைசியாகக் குளிர்ந்து, சுருங்கி, வெளித்தோலை உள்ளே இழுத்திருந்தது, சிங்க் மார்க். தூணின் அடியைக் குடைந்து மெலிதாக்கியதும் போனது. பழைய மாடலில் இதுவும் இருந்திருக்கும். ஃபில்லட் கோடுகளின் களேபரத்தில் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

இன்னொன்று அப்படியே இருக்கிறது. பக்கப் பேட்ச்சும் பின் பேட்ச்சும் சேரும் கோட்டில், ஒற்றை விளக்கின் கீழ் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பிடித்தால், பிம்பம் லேசாகச் சோம்பல் முறிக்கும். சாய்வு வரம்புக்குள் இருக்கிறது, வளைவும் ஒத்துப்போகிறது, ஆனால் அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் சீப்பு எதிரெதிர்த் திசையில் சரிகிறது. பேட்ச் பிரிக்கும் கோட்டை வேறு இடத்தில் வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம். வாடிக்கையாளருக்குச் சொன்னோம், காட்டினோம்; விடுங்கள் என்றார்.

ஆறு நாள் வேலை, வீணான மூன்று நாளையும் சேர்த்து, பதினெட்டு நாளில் முடிந்தது.

## மாற்றியவை

கோப்பைத் திறந்ததும் முதல் வேலை, கோண வரம்பை 0.1 டிகிரிக்கு இறக்குவது. புதிய டெம்ப்ளேட்டிலேயே அதை வைத்துவிட்டோம். காட்சித் துல்லியத்தையும் அப்படியே.

ஜீப்ராவை நான்கு கோணங்களில், கோடுகள் நகரும்படி சுழற்றிப் பார்த்துப் பதிவு செய்த சிறு வீடியோ இல்லாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. நிலையான படம் என்னை ஏமாற்றியதை மறக்கவில்லை.

உள்ளே வரும் பொருட்களின் இடம் உறுதியாவதற்கு முன், இணைப்புப் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதை இரண்டு கோடுகளாக வரைந்து மின்பொறியாளருக்கு அனுப்பிவிடுகிறோம். பரப்பு அப்போது கட்டப்பட்டிருக்காது, வெறும் கோடுகள்தான். சமயத்தில் அவை தப்பாகப் போய் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது, அவரும் முணுமுணுக்கிறார்.

பளபளப்பு மாதிரியை வேலையின் முடிவில் எடுக்காமல், பெரிய பரப்புகளும் ஒரே ஒரு இணைப்பும் முடிந்த கட்டத்தில், அந்தப் பகுதியை மட்டும் துண்டாக பிரிண்ட் எடுத்துப் பூசிப் பார்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த உறையில் அதைச் செய்தோம். அதற்கடுத்ததில் நேரம் இல்லையென்று விட்டுவிட்டோம். அந்த உறை மட்டான சாம்பல் நிறம், அதனால் தப்பித்தோம்.

பேட்ச் பிரிக்கும் கோடுகளை எங்கே வைப்பது என்பதற்கு இன்னும் எங்களிடம் எழுதிவைக்கக்கூடிய விதி ஒன்றும் இல்லை. இப்போதைக்கு, கட்டும் முன் ஓவியத்தின் மேலே பென்சிலால் வரைந்து வடிவமைப்பாளரிடம் காட்டுகிறோம். வெளிச்சம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவர் ஒரு அம்பு போடுவார். பிரிக்கும் கோடு அந்த அம்பைக் குறுக்கே வெட்டாமல், முடிந்தவரை அதன் கூடவே போகும்படி இளைஞர் மாற்றி வரைவார்.